இரத்தம் எடுத்தபின் பேசிப் பயனில்லை: பி.எஸ்.ஏ. பரிசோதனையில் நாங்கள் விடும் பிழைகள்

சென்ற மாதம், வெள்ளவத்தையில் என் கிளினிக்கில் வந்திருந்து பழகும் இளம் வைத்தியர் ஒருவர், அறுபது தாண்டிய ஒருவருக்கு இரத்தப் பரிசோதனைப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். சீனி, கொலஸ்ட்ரோல், கிரியற்றினின் என்று வரிசையாகச் சரி போட்டுக்கொண்டு வந்தவர், அதே வேகத்தில், ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் உண்டோ என்று தேட எடுக்கும் பி.எஸ்.ஏ. பெட்டிக்குள்ளும் ஒரு சரி போட்டார்.

"ஏன் தம்பி அது?"

"வயசு அறுபது தாண்டிட்டுதே சேர். எப்பிடியும் இரத்தம் எடுக்கத்தானே போறம்."

ஒரு காலத்தில் நானும் சொன்ன வசனம்தான். சொல்லுக்குச் சொல் அதே. அதனால்தான் இதை எழுதுகிறேன். அன்பாகப் பேச வேண்டும், நோயாளி சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரத்தம் எடுத்தபின் பேசத் தொடங்குவது

அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மாதாமாதம் சீனி பார்க்க வருவார். ஒரு நாள் அவர் படிவத்திலும் அந்தப் பெட்டிக்குச் சரி போட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். பி.எஸ்.ஏ. 6.3. பக்கத்தில் 4 என்ற எல்லை. அவருடைய எண் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. "கான்சரோ டொக்டர்?" என்று கேட்டபோது மனிதர் இன்னும் கதிரையில் உட்காரக்கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். பி.எஸ்.ஏ. என்பது புரொஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். வயதோடு சுரப்பி பெருத்தாலும் கூடும், கிருமி தொற்றினாலும் கூடும். கூடியிருக்கும் நாலு பேரில் ஏறத்தாழ மூன்று பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. இரத்தம் எடுக்க முதல் சொல்லியிருந்தால் அது தகவல். இப்போது அவருக்கு அது ஆறுதல் வார்த்தை, அதுவும் நம்ப முடியாத ஆறுதல்.

இன்னொன்றும் அன்றுதான் வெளியே வந்தது. இரண்டு கிழமைக்கு முன் அவருக்குச் சலக்கடுப்பு இருந்து, வேறொரு இடத்தில் மருந்து எடுத்திருக்கிறார். சிறுநீர்த் தொற்று ஆறி ஆறு கிழமையாவது போனபிறகே பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும். (பரிசோதனைக்கு முந்திய 48 மணித்தியாலத்தில் விந்து வெளியேறியிருந்தாலும், சைக்கிள் போன்ற கடும் உடற்பயிற்சி செய்திருந்தாலும் எண் கூடலாம். இதைக் கேட்க வெட்கப்படும் வைத்தியர் படிவத்தில் கை வைக்காமல் இருப்பது நல்லது.) ஆறு கிழமை பொறுத்துத் திரும்பப் பார்ப்போம் என்றேன். அன்றிரவே டொரொண்டோவிலிருந்து மகன் தொலைபேசியில்: "ஏன் டொக்டர் பொறுக்கவேணும்? பரவினா ஆர் பொறுப்பு?"

பயொப்சி, அதாவது ஊசியால் சுரப்பியில் சிறு துண்டுகள் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, செய்தார்கள். அந்தக் காலத்தில் மலவாசல் வழியாகத்தான் ஊசி. மூன்றாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல், ஐந்து நாள் வார்ட்டில். முடிவு கிளீசன் 6, அதாவது புற்றுநோய்தான், ஆனால் வீரியத்தில் ஆகக் குறைந்த தரம். பெரும்பாலும் ஆளைக் கொல்லாமல், அவரோடு சேர்ந்தே வயதாகிப் போகும் வகை. கண்காணித்துக்கொண்டு இருக்கலாம் என்றேன். "கான்சரை உள்ளுக்கை வைச்சுக்கொண்டு எப்பிடி டொக்டர் நித்திரை கொள்ளுறது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சத்திரசிகிச்சை நடந்தது.

இப்போது அவர் உள்ளாடைக்குள் பாட் வைக்காமல் வெளியே இறங்குவதில்லை. மயூரபதி அம்மன் கோவில் திருவிழாவுக்கு முதல் ஆளாய் நிற்பவர், போவதை விட்டுவிட்டார். கூட்டத்துக்குள் நின்று சிறுநீர் கசிந்துவிட்டால் என்ற பயம். ஆனாலும் என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிறார். "நீங்கள் அண்டைக்கு அந்த ரெஸ்ட்டை எழுதாட்டி நான் போய்ச் சேர்ந்திருப்பன்." என்னை இன்றைக்கும் அரிப்பது அந்தக் கும்பிடுதான். அவர் உயிரை நான் காப்பாற்றினேனா, ஒன்றுமில்லாததற்கு அவரை வெட்டக் கொடுத்தேனா என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. யாராலும் சொல்ல முடியாது.

முதலே எல்லாம் சொல்லியிருந்தாலும் அவர் பரிசோதனையைக் கேட்டிருக்கலாம், சத்திரசிகிச்சையையும் கேட்டிருக்கலாம். அப்படியென்றால் அது அவர் எடுத்த முடிவு. நடந்ததோ என் பேனா எடுத்த முடிவு.

இன்று நிலைமை கொஞ்சம் நல்லது. பயொப்சிக்கு முன் எம்.ஆர்.ஐ. பார்க்கிறார்கள். தோல் வழியாக ஊசி போடும் முறையில் தொற்று குறைவு. பிரித்தானியாவில், சுரப்பிக்குள் மட்டும் இந்நோய் இருந்த 1,643 பேரை வைத்து நடந்த புரொடெக்ட் ஆய்வின் 15 வருட முடிவு 2023இல் வந்தது. சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு, எதில் விட்டாலும் 100 பேரில் ஏறத்தாழ 97 பேர் இந்த நோயால் சாகவில்லை. நல்ல செய்திதான். ஆனால் இதையும் இரத்தம் எடுக்க முதல் சொன்னால்தான் பயன். வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்குள்ள பெற்றோருக்குக் காசு கட்டி எடுத்துக் கொடுக்கும் 'ஃபுல் பொடி செக்கப்' பக்கேஜ்கள் சிலவற்றில் பி.எஸ்.ஏ.யும் சேர்ந்தே வருகிறது. அந்த ரிப்போர்ட்டோடு வருகிறவரிடம் பேச்சை எங்கே தொடங்குவது?

இப்போது நான் பேனாவை எடுக்க முதல் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, எண் கூடி வந்தால் அடுத்தது ஸ்கேன், பிறகு பயொப்சி வரக்கூடும். அதுக்கு ஓம் எண்டா இதைச் செய்வம். இல்லையெண்டா, இந்த எண்ணைத் தெரிஞ்சு என்ன செய்யப்போறியள்?"

"நீங்களே முடிவெடுங்கோ" என்று கைகழுவுவது

சேர்ந்து முடிவெடுப்பது என்றால் துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குவது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் ஆட்கள் திருப்பிச் சொல்வது தெரிந்ததே: "நீங்கள் சொல்லுறதுதான் டொக்டர்." அதுவும் ஒரு முடிவுதான், அதை மதிக்கலாம். ஆனால் அவர் எதற்குக் கூடுதலாகப் பயப்படுகிறார் என்று கேட்டறியாமல் அபிப்பிராயம் சொல்லக்கூடாது. நோய் தெரியாமல் போய்விடுமோ என்ற பயமா, சிகிச்சையால் சிறுநீரும் ஆண்மையும் கெட்டுவிடுமோ என்ற பயமா? ஒரே வயது, ஒரே தெரு, பக்கத்துப் பக்கத்து வீட்டு இரண்டு பேர் இதற்கு நேரெதிரான பதில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். இருவருக்கும் நான் வேறு வேறு ஆலோசனைதான் சொன்னேன்.

குடும்ப வரலாறும் அப்படியே. தகப்பனுக்கோ சகோதரனுக்கோ வந்திருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பு. ஆனால் "குடும்பத்திலை ஆருக்கும் கான்சர் இருந்ததோ?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அந்தச் சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். "அப்பா என்ன வருத்தத்திலை போனவர்?" என்று கேளுங்கள். "கடைசியிலை சலம் போகாமல், நாரி நோவோடை கிடந்து போனவர்" என்பார்கள்.

வீதத்தில் சொல்வது

1993இல் தொடங்கிய ஐரோப்பிய பி.எஸ்.ஏ. ஆய்வின் 23 வருடக் கணக்கு 2025இல் வெளிவந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டோரிடம் இந்நோய் மரணம் 13 வீதம் குறைவு. இப்படிச் சொன்னால் யாரும் உடனே கையை நீட்டிவிடுவார்கள். அதே ஆய்வை இப்படியும் சொல்லலாம்: ஆயிரம் பேரில் 16 பேர் சாகும் இடத்தில் 14 பேர். இரண்டும் சரி. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மறுபக்கத்துக்கு அமெரிக்கத் தடுப்புச் சேவைக் குழு 2018இல் கொடுத்த கணக்கு உதவும். 55 முதல் 69 வயது வரையான ஆயிரம் பேரை 13 வருடம் பரிசோதித்தால், 240 பேருக்கு எண் கூடி வரும், 100 பேருக்குப் புற்றுநோய் என்று முடிவு வரும், 80 பேர் சிகிச்சைக்குப் போவார்கள். அதில் 50 பேருக்கு ஆண்மைக் குறை, 15 பேருக்குச் சிறுநீர்க் கசிவு. அந்த 13 வருடத்தில் இந்நோய்ச் சாவிலிருந்து தப்புவது ஒருவர், மிஞ்சினால் இருவர். எல்லாம் எம்.ஆர்.ஐ. பரவ முந்திய தரவுகள், எங்கள் ஆட்களை வைத்து எடுத்ததுமல்ல. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்குவது

கொழும்பில் இது அடிக்கடி நடக்கும். நிபுணர் சிங்களத்தில் பேசுவார், அப்பாவுக்குச் சந்தைச் சிங்களம் மட்டும், நடுவில் மகள். நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆண்மைக் குறை பற்றி அந்த டொக்டர் நிதானமாக, ஒளிக்காமல் இரண்டு நிமிடம் சொன்னார். மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "சின்னச் சின்னப் பக்க விளைவுகள் இருக்குமாம் அப்பா" என்றாள். அப்பா தலையாட்டினார். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்தும் வைத்தார்.

அவளில் குறையில்லை. தமிழ் தெரிந்த ஆண் தாதியோ வேறு வைத்தியரோ அங்கே ஒருவராவது இருப்பார். ஐந்து நிமிடம் கூப்பிடுங்கள்.

மருந்துச் சீட்டைப் பார்க்காமல் எண்ணை நம்புவது

பெருத்த புரொஸ்டேட் சுரப்பிக்குக் கொடுக்கும் பினஸ்டரைட், டூட்டஸ்டரைட் மருந்துகளை எடுப்பவருக்கு ஆறு மாதமளவில் பி.எஸ்.ஏ. பாதியாகிவிடும். 3 என்றால் 6 என்று வாசியுங்கள்.

எழுபது தாண்டியவருக்கும் வழமையாக எழுதுவது

வேண்டாம்.

அறிகுறி உள்ளவரிடம் விருப்பம் கேட்டுக்கொண்டிருப்பது

சிறுநீரில் இரத்தம், சலம் அடைப்பு, விடாத எலும்பு நோவு என்று வருகிறவருக்குச் செய்வது முன்கூட்டிய பரிசோதனை அல்ல. அங்கே ஆயிரம் பேர் கணக்குச் சொல்லி நேரத்தைக் கடத்தாமல், காரணத்தைத் தேடத் தொடங்குங்கள்.

எழுதி வைக்காமல் விடுவது

அந்த இளம் வைத்தியர் படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று நிரப்பினார். இரண்டு பேரும் பத்து நிமிடம் பேசினார்கள், நான் வாய் திறக்கவில்லை. பிறகு கொப்பியில் இப்படி எழுதினார்: "பி.எஸ்.ஏ. பற்றிப் பேசினோம். தமையனுக்கு என்ன வருத்தம் என்று மட்டக்களப்பில் விசாரித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த முறை கேட்க வேண்டும்."