புராண நாவலுக்கு வாசகர் கடிதம் எழுதுவது எப்படி

மகாபாரதத்தை வைத்து எழுதிய நாவலைப் படித்து முடித்ததும் பல பேருக்கு முதலில் வருவது கோபம்தான். என் கர்ணனை இப்படி ஆக்கிவிட்டாரே என்று. கோபம் இருக்கட்டும், அது இருந்தால்தான் கடிதத்தில் உயிர் இருக்கும். ஆனால் எழுத உட்காரும் முன், உங்கள் மனதில் இருக்கும் கர்ணன் எங்கிருந்து வந்தவன் என்று பார்த்துவிடுங்கள்.

சாகும் நேரத்தில் தன் புண்ணியம் முழுவதையும் கண்ணனுக்குத் தாரை வார்ப்பவன் தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூராரின் கர்ணன், சம்ஸ்கிருத மூலத்தை எழுதிய வியாசரிடம் அந்தக் காட்சியே கிடையாது. துச்சாதனன், துரியோதனன் இருவர் ரத்தத்தையும் பூசித்தான் குழல் முடிப்பேன் என்பவள் 1912-இல் பாரதி எழுதிய பாஞ்சாலி. 'குருடன் மகன் குருடன்' என்று திரௌபதி சொன்னதாக நம்மில் பாதிப் பேர் சத்தியமே செய்வோம். வியாச பாரதத்தில் அந்தக் காட்சி வரும் சபா பர்வத்தைத் திறந்து பாருங்கள். துரியோதனன் தண்ணீரில் விழும்போது சிரிப்பவர்கள் பீமனும் மற்றவர்களும்தான், திரௌபதியும் சிரித்தாள் என்பது அவனே பின்னால் சொல்லும் புகாரில் வருகிறது. அவமானப்பட்டவன் வாயால் மட்டும் நாம் கேட்கும் சிரிப்பு அது. அந்த இடைவெளியில்தான் நாவலாசிரியர் புகுந்து வேலை செய்கிறார். அதனால் 'மூலத்தில் இப்படி இல்லை' என்று எழுதும் முன் மூலத்தில் அந்தப் பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள். தமிழில் முழு மொழிபெயர்ப்பே இருக்கிறது, சாக்குச் சொல்ல வழியில்லை.

அப்புறம், கதைச் சுருக்கம் வேண்டாம். பாண்டவர் ஐவர் என்று யாருக்கும் நீங்கள் சொல்லத் தேவையில்லை. ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு அது உங்களை என்ன செய்தது என்று எழுதுங்கள். பைரப்பா கன்னடத்தில் 1979-இல் எழுதி, பாவண்ணன் மொழிபெயர்ப்பில் 'பருவம்' என்று நமக்குக் கிடைத்த நாவலையே எடுத்துக்கொள்வோம். அதில் வரங்களும் அற்புதங்களும் கிடையாது, கதை தொடங்குவது கிழட்டு அரசன் சல்லியன் வீட்டில், பேத்தியின் கல்யாணக் கவலையோடு. 'தெய்வத்தை எடுத்துவிட்டார்' என்று மட்டும் எழுதினால் அது புகார். வரம் இல்லையென்று ஆன பிறகு குந்தி ஒவ்வொரு பிள்ளையையும் எப்படிப் பெற்றிருப்பாள், அதை எத்தனை வருஷம் மனதில் வைத்திருந்தாள் என்று படிக்கும்போது உங்களுக்குத் தொண்டை அடைத்ததா, அதை எழுதுங்கள், அதுதான் வாசிப்பு. பிடிக்காமல் போனாலும் சரி, எந்தப் பக்கத்தில் பிடிக்காமல் போனது என்று சொல்லுங்கள்.

எழுத்தாளரின் சாதி, மதம், கட்சி எதையும் இழுக்காதீர்கள், பேச்சு அத்தோடு நாவலை விட்டுப் போய்விடும். எழுதியதை உடனே அனுப்பாமல் ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் நீங்கள் மேற்கோள் காட்டிய வரியைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.