பல்கலைக்கழக நூலகத்தில் குறிப்புதவியும் பயிற்சி வகுப்பும்: திட்டமிடும் முறை

நூலையோ தகவலையோ தேடிவருபவருக்கு உதவும் குறிப்புதவிச் சேவையைச் சீர்செய்ய விரும்பும் நூலகர், மேசைக்கு வரும் கேள்விகளை ஒரு பருவம் முழுவதும் எழுதிவைப்பதிலிருந்து தொடங்க வேண்டும். கேட்டவரின் பெயர் தேவையில்லை. துறை, படிப்பு, கேட்ட சொற்கள், எடுத்துத் தந்தவை, தர இயலாமற்போனவை ஆகியன போதும். எது எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டு வருபவர்களைத் தனியே எண்ணிக்கொள்ளலாம். அவர்களுக்குத் தேவை நல்ல அறிவிப்புப் பலகையே.

"சிலப்பதிகாரம் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று ஓர் ஆய்வு மாணவர் கேட்டால், அலமாரியைக் காட்டிவிட்டு அமர்ந்துவிடக் கூடாது. எந்தக் காதை, எதற்காக, இதுவரை எவற்றைப் பார்த்தார் என்று விசாரித்தால், அவர் தேடுவது அரங்கேற்று காதையின் இசைச் செய்திகளே என்பதும், அதற்கு அடியார்க்குநல்லார் உரையோடு உ.வே.சா. 1892-இல் வெளியிட்ட பதிப்போ அதன் மறுபதிப்போ வேண்டும் என்பதும் தெரியவரும். அந்நூல் கணினிப் பட்டியலில் தமிழ் எழுத்தில் ஓரிடத்திலும், ரோமன் எழுத்தில் வெவ்வேறு எழுத்துக்கூட்டலோடு வேறிடங்களிலும் பதிவாகியிருக்கக்கூடும். திரையை மாணவர் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வடிவத்தையும் அவரையே தட்டச்சிடச் சொல்லுங்கள். குறிப்புதவி பயிற்சியாக மாறுவது அங்கேதான். பட்டியலில் கண்ட பிழையை அன்றே பகுப்புப் பிரிவுக்குத் தெரிவிப்பதும் இச்சேவையில் அடங்கும்.

முதலாண்டு மாணவர்களைக் கூட்டமாக அழைத்து நூலகத்தைச் சுற்றிக்காட்டுவதால் பெரிய பயன் விளைவதில்லை, ஏனெனில் அப்போது அவர்கள் கையில் தேடுவதற்கென்று ஒரு பொருளும் இருப்பதில்லை. வகுப்பை ஆய்வேடோ ஒப்படைப்போ தொடங்கும் வாரத்தில் துறையோடு பேசி வைத்துக்கொள்வதே நன்று. முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வகுத்த ஆய்வு, வெளியீட்டு அறம் பற்றிய இரண்டு மதிப்பலகுப் (கிரெடிட்) பாடத்தில் தரவுத்தளங்கள் ஓர் அலகாகவே இருப்பதால், அந்த அலகை நடத்தும் பொறுப்பை நூலகர் கேட்டுப் பெறலாம். அவ்வகுப்பில் ஒவ்வொருவரும் தம் தலைப்பைக் கொண்டே இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் தேடட்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தமிழ் ஆய்வேடுகளின் உட்பகுதி ஒருங்குறித் (யூனிகோடு) தேடலில் அகப்படாது என்பதால், தலைப்பு, நெறியாளர் பெயர் ஆகியவற்றின் வழியாகவும் தேடப் பழக்க வேண்டும்.

கருத்துத் திருட்டைப் பற்றிய மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள், பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிக்காததால், "விழுக்காட்டைக் குறைத்துத் தாருங்கள்" என்ற வேண்டுகோளோடு பலர் வருவார்கள். அவர்களுக்குச் சொற்களை மாற்றும் உத்தியைக் காட்டாமல், ஒப்புமையைக் கண்டறியும் மென்பொருள் தந்த அறிக்கையில் நிறமிட்ட ஒரு பத்தியை எடுத்து, எது மேற்கோள், எது தழுவல், எதற்குச் சான்று விடுபட்டது என்று வரிவரியாகப் பிரித்துக்காட்டுங்கள்.

மதிப்பீட்டுக்கு வருகைப் பதிவேட்டைக் காட்டுவது வழக்கம். அது வந்தவர்களை எண்ணுமேயன்றிக் கற்றதைச் சொல்லாது. வகுப்புக்கு முன்னும் பின்னும் அதே மாணவர்கள் தயாரித்த துணைநூற்பட்டியல்களை நெறியாளர்களின் இசைவோடு ஒப்பிடுவது நம்பகமான வழி. அடுத்த பருவக் கேள்விப் பதிவில் பயிற்சி பெற்ற துறையிலிருந்து அதே கேள்விகள் மீண்டும் வந்தால், வகுப்பின் காலத்தையோ பயிற்சியையோ மாற்றியமைக்க வேண்டும்.