பிளாஸ்டிக்க அல்ட்ராசவுண்ட்ல அளக்கறப்போ ஸ்டீல் பழக்கம் ஆகாதுங்க

சேலத்துல ப்ரோப் (ஒலிய அனுப்பி எக்கோவ வாங்கற முனை) பிடிக்கிற பசங்கள்ல நெறைய பேரு ஸ்டீல்லயும் வெல்டிங்லயும் கை பழகினவங்க, அதே கையோட தறிக்குப் போடற நைலான் புஷ், எஸ்டேட்டுக்குப் போற எச்டிபிஇ (அடர்த்தி கூடின பாலிஎத்திலீன்) பைப்புன்னு அளக்க வர்றப்போதான் சிக்கலே.

முதல்ல மெஷின்ல இருக்கற வெலாசிட்டி, அதாவது ஒலி வேகத்தோட செட்டிங். ஸ்டீல்ல ஒலி செகண்டுக்கு சுமார் 5,900 மீட்டர் போகும், எச்டிபிஇ-ல சுமார் 2,400தான். செட்டிங்க மாத்தாம வெச்சா 10 மில்லி பைப் 24 மில்லிக்கு மேல காட்டும். இது பளிச்சுன்னு தெரியற தப்பு, யாராவது ஒருத்தர் பாத்து நிறுத்திடுவாங்க.

யாரு கண்லயும் படாம ரிப்போர்ட் வரைக்கும் போறது வேற ஒண்ணு. அடர்த்திய வெலாசிட்டியோட வர்க்கத்தால பெருக்கி வர்றத அப்படியே யங்ஸ் மாடுலஸ்னு (இழுத்தா பொருள் எவ்ளோ விறைப்பா நிக்கும்ங்கற அளவு) எழுதிடறாங்க. அந்த ஃபார்முலா அலைநீளத்த விட ரொம்ப மெல்லிசான கம்பிக்குத்தான் பொருந்தும். தட்டையான பீஸ்ல ப்ரோப் வெச்சா சுத்தி இருக்கற பொருள் பக்கவாட்டுல விரிய விடாது, அதனால நமக்குக் கெடைக்கிறது லாங்கிட்யூடினல் மாடுலஸ், அது எப்பவுமே பெருசு. அக்ரிலிக்கயே எடுத்துக்கங்க, அடர்த்தி கன மீட்டருக்கு 1,180 கிலோ, நெடுக்கலை (போற திசையிலயே அதிர்ற அலை) வேகம் செகண்டுக்கு சுமார் 2,700 மீட்டர், பெருக்கினா 8.6 ஜிகாபாஸ்கல் வருது. ஷியர் அலையும் எடுத்து (போற திசைக்குக் குறுக்க அதிர்ற அலை, வேகம் சுமார் 1,350) ரெண்டையும் வெச்சு பாய்சான் விகிதம் (இழுத்தா பக்கவாட்டுல எவ்ளோ சுருங்கும்ங்கற கணக்கு) கண்டுபிடிச்சா 0.33, அத வெச்சு யங்ஸ் மாடுலஸ் போட்டா 5.7. அதே அக்ரிலிக்க யூடிஎம்ல (இழுத்துப் பாக்கற டெஸ்ட் மெஷின்) இழுத்தா 3 ஜிகாபாஸ்கல் பக்கம்தான் வரும்.

இந்த 5.7-க்கும் 3-க்கும் இருக்கற இடைவெளியப் பாத்துட்டு மெஷின் தப்பு, கப்ளண்ட் (ப்ரோபுக்கும் பீஸுக்கும் நடுவுல தடவறது) தப்புன்னு தேட ஆரம்பிச்சிடாதீங்க. பாலிமர் விஸ்கோஎலாஸ்டிக், மெதுவா இழுத்தா உள்ள இருக்கற சங்கிலிகளுக்கு நகர நேரம் கெடைக்குது, செகண்டுக்கு பத்து லட்சம் தடவைக்கு மேல அதிர வெச்சா அந்த நேரமே இல்ல, அதனால விறைப்பாத்தான் தெரியும். ரெண்டு நம்பருமே சரிதான், எந்த ஃப்ரீக்வென்சில எடுத்ததுன்னு பக்கத்துல எழுதணும், அவ்ளோதான்.

வெப்பநிலையும் இதே கதைதான், சூடு ஏற ஏற வேகம் கொறையும். மே மாசம் மத்தியானம் சேலத்துல ஷெட்டுக்குள்ள அளந்த பைப்பையும் காலைல ஏற்காடு குளிர்ல அளந்த பைப்பையும் ஒப்பிட்டு மெட்டீரியல் மாறிடுச்சுன்னு சண்டை போடக்கூடாது. காத்தோட வெப்பநிலைய எழுதினா பத்தாதுங்க, வெயில்ல கெடந்த கருப்பு பைப் காத்த விட ரொம்ப சூடா இருக்கும், பீஸ் மேலயே சென்சார் வெச்சுப் பாருங்க. நைலானுக்கு ஈரமும் சேந்துக்கும், நைலான் 6 தண்ணில ஊறினா எடைல 9 சதவீதம் வரைக்கும் குடிச்சுடும், குடிச்சா மெதுவாயிடும். காய வெச்ச பீஸா ஊறின பீஸான்னு சொல்லாம நம்பர் குடுத்து பிரயோஜனமே இல்ல.

ஷியர் ப்ரோபுக்கு தண்ணியோ மெல்லிசான எண்ணெயோ போட்டா சிக்னலே வராது, திரவத்துல அந்த அலை போகாது. ரொம்ப கெட்டியா ஒட்டற கப்ளண்ட் வேணும், லேப்ல தேன் தடவி அளக்கறதும் உண்டு, நல்லாவே வேலை செய்யும்.

எக்கோ பலமா வரணும்னு ஃப்ரீக்வென்சிய ஏத்தறதும் வேண்டாம், பாலிமர் ஒலிய நல்லா உறிஞ்சும், தடிமனான பீஸுக்கு 1 இல்லனா 2.25 மெகாஹெர்ட்ஸ் போதும். நேரத்த முதல் பேக்வால் எக்கோல (பீஸோட பின்பக்கத்துல பட்டுத் திரும்பறது) இருந்து ரெண்டாவது பேக்வால் எக்கோ வரைக்கும் எடுங்க, ப்ரோப் டிலே (ப்ரோபுக்குள்ளயே ஆகற நேரம்) தானா கழிஞ்சிடும். தடிமன மைக்ரோமீட்டர்ல, ப்ரோப் வெச்ச அதே எடத்துல எடுங்க, 6 மில்லில 0.1 மில்லி தப்பினா மாடுலஸ்ல 3 சதவீதத்துக்கு மேல அடி வாங்கும், ஏன்னா வேகம் வர்க்கமா ஏறுது.

மோல்டிங் பீஸ்ல, அதுவும் கண்ணாடி நார் கலந்ததுல, ஷியர் ப்ரோப அதே எடத்துல வெச்சு 90 டிகிரி திருப்பிப் பாருங்க. எக்கோ நகந்துச்சுன்னா நார் ஒரு பக்கமா படுத்திருக்குன்னு அர்த்தம், மேல சொன்ன ஃபார்முலா அங்க செல்லாது, வேகத்த மட்டும் எந்தத் திசைல எடுத்ததுன்னு சேத்து எழுதிக் குடுங்க.