கண் துடிப்பது வேறு, கண் ஆடுவது வேறு

வலது கண் துடித்தால் ஆணுக்கு நல்லது, இடது கண் துடித்தால் பெண்ணுக்கு நல்லது என்று பலன் சொல்லியே பழகிவிட்டோம். அந்தத் துடிப்பு இமையில் வருவது. தூக்கம் கெட்டாலும் காபி கூடினாலும் வரும், பெரும்பாலும் தானாக அடங்கும். கருவிழியே நம் கட்டுப்பாடில்லாமல் ஆடுவது வேறு விஷயம். டாக்டர்கள் அதை நிஸ்டாக்மஸ் என்பார்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து விட்டுவிடுவதுதான் முதல் தவறு.

ஓடும் ரயிலில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவரின் கண்ணைக் கவனியுங்கள். மெல்ல ஒரு பக்கம் நகர்ந்து, வெடுக்கென்று திரும்பும். அது இயல்பு. சும்மா நேரே பார்க்கும்போதே கண் இப்படி ஆடினால் காரணம் தேட வேண்டும்.

குழந்தைகளுக்கு இது பிறந்து ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதத்துக்குள் தெரியவரலாம். "வளர வளர சரியாகிடும்" என்று காத்திருக்காதீர்கள். பிறவிக் கண்புரையோ விழித்திரைக் கோளாறோ பின்னால் இருக்கலாம். புரையாக இருந்தால் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் பார்வைக்கு நஷ்டம்.

இன்னொன்று எனக்கு மிகவும் வருத்தம் தருவது. குழந்தை முகத்தை ஒரு பக்கம் திருப்பி டிவி பார்க்கும். நாம் தாடையைப் பிடித்து, "நேரா பாரு" என்று திருப்பி வைப்போம். பல குழந்தைகளுக்கு அந்தக் கோணத்தில்தான் கண் குறைவாக ஆடும், எழுத்து தெளியும். அதைப் பறிக்காதீர்கள். வகுப்பில் கரும்பலகை அதே கோணத்தில் தெரிகிற பெஞ்சைக் கேட்டு வாங்குங்கள்.

பெரியவர்களுக்குத் திடீரென்று கிறுகிறுப்பும் அதோடு கண் ஆட்டமும் வந்தால் பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுப்போம். படுக்கையில் புரளும்போது மட்டும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் பெரும்பாலும் உள்காதில் துகள் இடம் மாறிய கோளாறுதான். தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பும் எப்லி பயிற்சியிலேயே பலருக்குக் குணமாகும். ஆனால் சுற்றல் விடாமல் நீடித்து, கண் மேலும் கீழுமாக ஆடினாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள். கை கால் நன்றாக இருக்கிறதே என்று நம்பி உட்காராதீர்கள். சிறுமூளைப் பக்கவாதத்தில் கை கால் பலம் குறையாமலும் இருக்கலாம்.

வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின் மாத்திரை உடம்பில் அளவு மீறினாலும் கண் ஆடும். அதற்காக நீங்களாக நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம். அன்றே டாக்டரிடம் போய் அளவைச் சரிபாருங்கள்.

அப்புறம், டாக்டர் முன்னால் உட்காரும்போது ஆட்டம் நின்றுபோயிருக்கலாம். ஆட்டம் வரும்போதே, நல்ல வெளிச்சத்தில், இரண்டு கண்ணும் தெரிய, நேரே, இடம், வலம் பார்க்கச் சொல்லி அரை நிமிடம் போனில் வீடியோ எடுத்துக் கொண்டுபோங்கள்.