சாக்ஸபோனை விடுங்கள், பேஸைப் பிடியுங்கள்

சோப்ரானோ சாக்ஸபோன் கலைஞர் தலைமையில் மூவர் வாசித்த ஜாஸ் கச்சேரிப் பதிவா? முதல் தடவை பேஸை, அதாவது தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். சாக்ஸபோன், பேஸ், டிரம்ஸ் என்று பியானோ இல்லாத குழுவில் பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டுவது அதுதான். நாதஸ்வரம் மாதிரி ஓங்கி ஒலிக்கும் சோப்ரானோ தானாகவே காதில் விழும். போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். பேஸின் அடித்தந்தி ஒலிப்பது சுமார் 41 ஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த சுருதியில், அந்தக் குட்டி ஸ்பீக்கரில் அது வரவே வராது. அதற்காகப் பெரிய ஸ்பீக்கர் வாங்க வேண்டாம், காதை நன்றாக அடைக்கும் சாதா வயர் இயர்போனே போதும்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே கேட்டால் சரிவராது. பாறையில் மோதும் அலையின் உறுமல் பேஸை விழுங்கிவிடும். பேஸே இல்லாமல் பியானோவும் டிரம்ஸும் உள்ள குழு என்றால், பியானோக்காரரின் இடது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.