டெக்சாஸ் ஹைஸ்கூல் ஃபுட்பால்: எந்த அணி முன்னேறும் என்று கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சீசனை 3 வெற்றி, 7 தோல்வி என்று முடித்த அணியைப் பார்த்து, "இந்த வருஷமும் இவங்க தேற மாட்டாங்க" என்று முடிவு கட்டிவிடுவதுதான் டெக்சாஸ் ஹைஸ்கூல் ஃபுட்பாலில் (நம்ம ஊர் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்) பலரும் செய்கிற முதல் தவறு. டாலஸைச் சுற்றி ஃப்ரிஸ்கோ, பிளேனோ, ஆலன், இர்விங் பக்கம் குடியிருக்கும் நம் குடும்பங்களில் பிள்ளை அணியில் இல்லாவிட்டாலும் மார்ச்சிங் பேண்டில் இருக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் ஸ்டேடியம்தான். நம்ம ஸ்கூல் இந்த முறை மேலே வருமா என்ற பேச்சு ஜூன், ஜூலையிலேயே சூடு பிடித்துவிடும். நான் அந்தப் பேச்சை ரொம்பவே ரசிப்பவன். அதனால்தான் அது தப்பான எண்களைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது வருத்தமாக இருக்கிறது.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு நிமிடம். டெக்சாஸின் அரசுப் பள்ளி ஆட்டங்களை நடத்துவது யுஐஎல் என்ற அமைப்பு. மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை பிரிக்கிறார்கள். ஒரு சீசனுக்கு வழக்கமாக 10 ஆட்டங்கள். அதில் ஒரு பகுதி சொந்த டிஸ்ட்ரிக்ட் (யுஐஎல் ஒன்றாகச் சேர்த்துவைக்கும் பள்ளிகளின் குழு) அணிகளுடன், மீதி வெளி அணிகளுடன். 6ஏ-யில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலிருந்தும் முதல் நான்கு அணிகள் பிளேஆஃபுக்கு, அதாவது பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்றுகளுக்கு, போகும்.

வெறும் 10 ஆட்டம் என்பதுதான் இதில் முக்கியம். இத்தனை சிறிய கணக்கில் இரண்டு ஆட்டங்களின் கடைசி நிமிடம் மாறினாலே 5-5 (5 வெற்றி, 5 தோல்வி) என்பது 7-3 ஆகிவிடும். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 'அ' அணி 3-7. ஜெயித்த மூன்றும் தலா 20 புள்ளி வித்தியாசத்தில். தோற்ற ஏழில் ஐந்து தலா 5 புள்ளியில், மற்ற இரண்டு தலா 14 புள்ளியில். கூட்டிக் கழித்தால், எதிரணிகளைவிட 7 புள்ளி அதிகம் எடுத்திருக்கிறது. 'ஆ' அணி 7-3. ஐந்து வெற்றிகள் தலா 4 புள்ளியில், இரண்டு தலா 14 புள்ளியில், மூன்று தோல்விகளும் தலா 30 புள்ளியில். மொத்தத்தில் 42 புள்ளி குறைவு. வரும் சீசனில் முன்னேற வாய்ப்புள்ள அணி எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் 'அ' அணியைச் சொல்வேன். நெருக்கமான ஆட்டங்களை எல்லா வருஷமும் ஒரே அணி ஜெயித்துக்கொண்டே இருப்பது அரிது. அந்த அதிர்ஷ்டம் அடுத்த வருஷம் நடுநிலைக்கு வந்துவிடும்.

ஆனால் புள்ளி வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டவும் கூடாது. பலவீனமான அணியை 63-0 என்று அடித்துப் போட்ட ஒரே ஆட்டம் மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும். டிஸ்ட்ரிக்ட் ஆட்டங்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள், நிலவரம் தெளிவாகும். அப்புறம் ஃபம்பிள். பந்து கைநழுவித் தரையில் விழுந்த பிறகு அதன் மேல் யார் பாய்ந்து விழுகிறார்கள் என்பது பெரும்பாலும் பூவா தலையா சமாச்சாரம்தான். போன வருஷம் விழுந்த பந்தெல்லாம் எதிரணிக்கே போனது என்றால், அதுவே இந்த வருஷம் முன்னேறுவதற்கான ஒரு காரணம்.

அடுத்த தவறு, பழைய ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் வரிசை ஆட்டக்காரர்கள்) எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்பதைத் தலை எண்ணிக்கையாக மட்டும் பார்ப்பது. 1960 முதல் ஒவ்வொரு கோடையிலும் வெளிவரும் 'டேவ் கேம்ப்பெல்ஸ் டெக்சாஸ் ஃபுட்பால்' இதழ் இங்கே பலருக்கு வேதம் மாதிரி. அதைப் பிரித்தவுடன் எல்லோரும் தேடுவது ஆஃபென்ஸில் (பந்து நம்மிடம் இருக்கும்போது ஆடுகிறவர்கள்) எத்தனை பேர், டிஃபென்ஸில் (எதிரணியைத் தடுக்க ஆடுகிறவர்கள்) எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்ற அந்த இரண்டு எண்களைத்தான். நல்ல தகவல்தான், ஆனால் இரண்டு கேள்விகளைக் கேட்காமல் அதை நம்பக் கூடாது.

முதல் கேள்வி, அது எவ்வளவு பெரிய பள்ளி? 6ஏ பள்ளியில் ஆஃபென்ஸுக்கு 11 பையன்கள், டிஃபென்ஸுக்கு வேறு 11 பையன்கள். அங்கே 14 பேர் திரும்புகிறார்கள் என்றால் பெரும்பாலும் 14 தனித்தனி ஆட்கள். 2ஏ, 3ஏ அளவுள்ள சின்ன ஊரில் ஒரே பையன் ஆஃபென்ஸில் கார்டாகவும் டிஃபென்ஸில் டேக்கிளாகவும் நிற்பான். அங்கே 14 என்பது எட்டே பையன்களாக இருக்கலாம். அதில் ஒருவனுக்கு முழங்கால் போனால் இரண்டு இடம் காலி. எண் ஒன்றுதான், அர்த்தம் முற்றிலும் வேறு.

இரண்டாவது கேள்வி, திரும்புகிறவர்கள் எந்த இடத்தில் ஆடுகிறவர்கள்? எல்லோரும் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் பெயரைத்தான் சொல்வார்கள். நான் முதலில் தேடுவது அவனுக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் ஆஃபென்சிவ் லைனில் இருக்கும் ஐந்து பேரை. ஹைஸ்கூல் வயதில் உடம்பு மாறும் வேகம் அப்படி. 15 வயதில் வர்சிட்டியில் (பள்ளியின் முதன்மை அணி) இறங்கும் சோஃபமோர் (பத்தாம் வகுப்பு) லைன்மேனுக்கு எதிரே 18 வயது சீனியர் (பன்னிரண்டாம் வகுப்பு) நிற்கிறான். தோளில் தோள் மோதியதுமே சின்னவன் ஓரடி பின்னால் போவது கேலரியிலிருந்தே தெரியும். அந்த ஓரடிதான் ஓடுகிறவனுக்கு வழி இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. அதே பையன் இரண்டு குளிர்காலம் வெய்ட் ரூமில் உழைத்துவிட்டு சீனியராக வரும்போது கதை தலைகீழாகிவிடும். ஆக, போன வருஷம் லைனில் சோஃபமோர்களும் ஜூனியர்களும் (பதினோராம் வகுப்பு) என்று மூன்று பேரை வைத்துக்கொண்டு அடிவாங்கிய அணி, இந்த வருஷம் நான் முதலில் கவனிக்கும் அணி. அந்த ஐவரும் பக்கத்தில் இருப்பவன் எந்தப் பக்கம் நகர்வான் என்று பேசாமலே தெரிந்துகொள்ள ஒரு முழு சீசன் பிடிக்கும். அது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

நட்சத்திரத்தை மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்கு ஆலன் பள்ளியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. குவாட்டர்பேக் கைலர் மர்ரே அங்கே ஸ்டார்ட்டராக இறங்கிய 42 ஆட்டங்களில் ஒன்றில்கூட தோற்கவில்லை. 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று மாநிலப் பட்டங்கள். அவர் போனதும் எல்லாம் சரிந்துவிடும் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். 2015-லும் ஆலன் ஜெயித்துக்கொண்டே போனது. தொடர் வெற்றி 57-ஐ எட்டி, அரையிறுதியில்தான் நின்றது. 2017-ல் மறுபடியும் பட்டம். மர்ரே அசாதாரணமான ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் ஆண்டுதோறும் லைன்மேன்களை வளர்த்து அனுப்பும் ஒரு பெரிய பள்ளியும் இருந்தது.

கோடையில் வரும் செவன்-ஆன்-செவன் (பக்கத்துக்கு ஏழு பேர், பாஸ் மட்டும் ஆடும் ஆட்டம்) முடிவுகளைப் பார்த்து ஏமாறுவதையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஜூன் கடைசியில் காலேஜ் ஸ்டேஷனில் நடக்கும் மாநிலப் போட்டி பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அதில் லைன்மேன்களே கிடையாது. குவாட்டர்பேக்கைத் துரத்தி வர யாரும் இல்லை, மோதி விழவைப்பதும் இல்லை. பாஸைப் பிடிக்கும் ரிசீவர்களின் கை எவ்வளவு சுத்தம், குவாட்டர்பேக்கின் கண் எவ்வளவு வேகம் என்பது தெரியும். அணி முன்னேறுமா என்பது தெரியாது.

வேறு பள்ளியிலிருந்து ஒரு நல்ல பையன் வந்திருக்கிறான் என்ற செய்தி வந்தால் கொஞ்சம் பொறுங்கள். யுஐஎல் விதிப்படி, விளையாட்டுக்காகவே பள்ளி மாறினான் என்று டிஸ்ட்ரிக்ட் குழு முடிவு செய்தால் அவன் ஒரு வருஷம் வர்சிட்டியில் ஆட முடியாது. படிவம் நிரப்பி, பழைய பள்ளியின் கருத்தும் கேட்டு, அந்தக் குழு அனுமதித்த பிறகுதான் அவனைக் கணக்கில் சேர்க்க வேண்டும். கோச் மாற்றமும் அப்படித்தான். புதுக் கோச் வந்தாலே அணி எழுந்துவிடும் என்பது பல ஊர்களில் இருக்கும் நம்பிக்கை. ஆனால் ஓடியே முன்னேறும் அணியை பாஸ் ஆடும் அணியாக மாற்ற நினைக்கும் கோச்சுக்கு முதல் வருஷம் பெரும்பாலும் வலிதான். 5ஏ, 6ஏ பள்ளிகளுக்கு வசந்தகாலப் பயிற்சி நடத்த அனுமதி உண்டு. அதற்கு முன்பே வந்து சேர்ந்தாரா, கோடையில் வந்தாரா என்று பாருங்கள். அந்தச் சில வாரங்கள் பெரிய வித்தியாசம்.

இனி, பெற்றோர் பேச்சில் அதிகம் விடுபடும் விஷயத்துக்கு வருகிறேன்: அணி யாருடன் மோதப்போகிறது என்பது.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டின் பிப்ரவரியில், யுஐஎல் எல்லாப் பள்ளிகளையும் மறுபடி பிரிக்கும். அதற்கு முந்தைய அக்டோபரில் எடுத்த மாணவர் எண்ணிக்கைதான் அடிப்படை. 2024 பிப்ரவரியில் 6ஏ-க்கான கோடு 2,275-ல் விழுந்தது. ஒரு பள்ளியில் 2,300 பேர் இருந்தால் அது 6ஏ-யின் மிகச் சிறிய பள்ளிகளில் ஒன்று. நாலாயிரம் பேர் படிக்கும் பள்ளிகளுடன் மோத வேண்டும். அதே பள்ளியில் எண்ணிக்கை 2,200 ஆனால் 5ஏ-யில் பெரிய பள்ளிகளில் ஒன்றாகிவிடும். பையன்கள் அதே பையன்கள், கோச் அதே கோச், ஆனால் வெற்றி எண்ணிக்கை எகிறும். மேலே ஏறும் பள்ளிக்கு இது அப்படியே எதிர்மாறாக நடக்கும். அணி உண்மையிலேயே முன்னேறியிருந்தும் 8-2 என்பது 5-5 ஆகலாம்.

டாலஸுக்கு வடக்கே இது இன்னும் சிக்கல். ஆலன் ஊர் முழுவதுக்கும் ஒரே பொது ஹைஸ்கூல், 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம். பக்கத்திலேயே ஃப்ரிஸ்கோ பள்ளி மாவட்டம் அதற்கு நேர்மாறாக, பள்ளிகளைச் சிறிதாக வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்து 12 ஹைஸ்கூல்கள் வரை கட்டிவிட்டது. எமர்சன் 2021-ல் திறந்தது, பேந்தர் க்ரீக் 2022-ல். ப்ராஸ்பர் மாவட்டத்தில் ராக் ஹில் 2020-ல், வால்நட் க்ரோவ் 2023-ல். புதுப் பள்ளி திறக்கும்போது சீனியர் வகுப்பு இல்லாமல் தொடங்குவதுதான் இங்கே வழக்கம். 16 வயதுப் பையன்கள் 18 வயதுக்காரர்களுடன் மோதி முதல் சீசன்களில் நிறையத் தோற்பார்கள். அதைப் பார்த்து "அந்த ஸ்கூலில் ஃபுட்பால் சரியில்லை" என்று சொல்லும் பெற்றோர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். முதல் நாளிலிருந்து அங்கேயே ஆடிய பையன்கள் சீனியர்களாகும் வருஷம் வரட்டும், அப்போது பேசலாம். அதே நேரம், புதுப் பள்ளிக்கு மாணவர்களை விட்டுக்கொடுத்த பழைய பள்ளியின் பெஞ்ச் மெலிந்திருக்கும். அதையும் கணக்கில் எடுங்கள்.

பெயரையும் வரலாற்றையும் வைத்து எடைபோடுவது இன்னொரு தவறு. டாலஸ் நகரப் பள்ளி மாவட்டத்துக்கு 1958-க்குப் பிறகு 2020 வரை நிலைத்த மாநிலப் பட்டம் ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. 1988-ல் கார்ட்டர் பள்ளி வென்றதும் பின்னர் பறிக்கப்பட்டது. "நகரப் பள்ளிகளால் புறநகரை ஜெயிக்க முடியாது" என்று எல்லோரும் சொல்லிவந்தார்கள். 2021-ல் ஜேசன் டாட் பயிற்சியில் சவுத் ஓக் கிளிஃப் பள்ளி, லிபர்ட்டி ஹில்லை 23-14 என்று வீழ்த்தி 5ஏ பட்டத்தை எடுத்தது. அடுத்த வருஷமும் எடுத்தது. கட்டடத்தைச் சரிசெய்யக் கேட்டு மாணவர்களே வகுப்பை விட்டு வெளியேறிப் போராடிய பள்ளி அது. அந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது.

வரப்போகும் சீசனுக்கு உங்கள் பள்ளியைக் கணிக்க வேண்டுமானால், முதல் ஆட்டத்துக்கு முன்னால் ஆகஸ்டில் நடக்கும் ஸ்க்ரிமேஜ் என்ற பயிற்சி ஆட்டத்துக்குப் போய்விடுங்கள். அங்கே ஸ்கோரைப் பார்க்காதீர்கள், கோச்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. பந்து போகும் திசையை விட்டுவிட்டு, பந்தை ஸ்னாப் செய்யும் (பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும்) சென்டரையும் அவன் இரு பக்கமும் இருக்கும் நால்வரையும் மட்டும் பாருங்கள். ஸ்னாப் ஆனதும் அவர்கள் முன்னால் போகிறார்களா, பின்னால் வருகிறார்களா? இரண்டாவது செட் லைன் இறங்கும்போது ஆட்டம் அப்படியே இருக்கிறதா, தடுமாறுகிறதா? ஆஃபென்ஸ் முடிந்ததும் வெளியே வராமல் டிஃபென்ஸிலும் நிற்கும் பையன்கள் எத்தனை பேர்? அப்புறம், ஜேவி (வர்சிட்டிக்கு அடுத்த நிலை அணி) ஆட்டம் முன்னால் நடந்தால் அதையும் தவறவிடாதீர்கள். அடுத்த வருஷத்து லைன் அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கும்.