பிள்ளையின் படம் போட்ட சவர்க்காரத்தை வாங்க முதல் பின்பக்கத்தைப் பாருங்கள்

போன மாதம் கல்லடியில் ஒரு கடைக்குச் சவர்க்காரம் வாங்கப் போனேன். வழமையாக வாங்குவதற்குப் பக்கத்தில் இன்னொன்று, முன்னால் வெள்ளைச் சீருடையில் சிரிக்கிற ஒரு பிள்ளை, 'ஒவ்வொரு கட்டியும் ஒரு கொப்பிக்கு உதவும்' என்று எழுத்து. 20 ரூபாய் கூட. எடுத்துவிட்டேன், ஏன் பொய் சொல்வான். வீட்டில் கண்ணாடி போட்டுப் பின்பக்கத்தை வாசித்தால், கட்டிக்கு 1 ரூபாய், அதுவும் ஒரு திகதி வரைக்கும்தான். எடையும் 10 கிராம் குறைவு.

அதனால் முதலில் எண்ணைத் தேடுங்கள். 'ஒரு பகுதி' என்று மட்டும் இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். 'இலாபத்தில் 5 சதவீதம்' என்றால் கொஞ்சம் கணக்குப் பாருங்கள்: 300 ரூபாய்ச் சாமானில் இலாபம் 30 ரூபாய் என்று வைத்தால், போவது ஒன்றரை ரூபாய். விற்பனையில் 5 சதவீதம் என்றால் 15 ரூபாய். ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறது.

மறுகா 'அதிகபட்சம்' என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா பாருங்கள். அந்தத் தொகை சேர்ந்தபிறகு நீங்கள் எத்தனை வாங்கினாலும் ஒரு சதம்கூட மேலதிகமாகப் போகாது, படம் மட்டும் பக்கற்றில் சிரித்துக்கொண்டே இருக்கும்.

வாங்கினபிறகு உங்களுக்கு வேலை வைக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். அமெரிக்காவில் யோப்லே தயிர்க் கம்பனி மார்பகப் புற்றுநோய் நிதிக்கு ஒரு மூடிக்கு 10 சென்ட் கொடுத்தது, ஆனால் மூடியைக் கழுவித் தபாலில் அனுப்ப வேண்டும். ஒற்றை மூடி அனுப்பினால் முத்திரைக்கே அதைவிடக் கூடச் செலவு.

இந்த வித்தையைப் பிரபலமாக்கியது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்ற கடனட்டைக் கம்பனி. 1983 இல் சுதந்திரதேவி சிலையைத் திருத்த, கடனட்டையை ஒருமுறை பாவித்தால் 1 சென்ட், புது அட்டைக்கு 1 டொலர் என்றார்கள். சிலைக்குச் சுமார் 17 லட்சம் டொலர் கிடைத்தது, விளம்பரத்துக்கு அதைவிடக் கூடவே செலவழித்தார்கள், அட்டைப் பாவனையும் நன்றாக ஏறியது. சிலைக்கும் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது வியாபாரச் செலவு, தானம் இல்லை. சுனாமிக்குப் பிறகு நிவாரணச் சாமானைவிடப் பெரிய பேனர்களைப் பார்த்த ஆக்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

காசு யாருக்குப் போகிறது என்று அமைப்பின் பெயர் இருந்தால் அவர்களிடமே கேளுங்கள். பெயரே இல்லை, அல்லது சொன்னது பொய் என்று தெரிந்தால், பக்கற்றையும் பில்லையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். மக்களை ஏமாற்றும் வியாபாரத்தை இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது.

அடுத்தமுறை போனபோது கடை முதலாளியிடம் இதைச் சொன்னேன். "எனக்கும் தெரியும் மச்சான், ஆனா ஆக்கள் புள்ளட படத்தப் பாத்துத்தான் எடுக்காங்க" என்றார். நான் பழைய சவர்க்காரத்தையே எடுத்தேன், மிஞ்சின காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டு அவரிடமே இரண்டு கொப்பி வாங்கிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தேன்.